முதலில் மெலிசாக்கு, அப்புறம் ஒட்டு: ஸ்பிட்ஃபயர் கட்டும் தம்பிக்கு அக்காவின் டிப்ஸ்

தம்பி, 1/48 ஸ்பிட்ஃபயர் மார்க் 1 கிட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இதில் இன்னும் என்னவெல்லாம் சேர்க்கலாம் அக்கா?" என்று கேட்டிருந்தாய். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேள். "இதில் எதையெல்லாம் மெலிசாக்கலாம்?" ஸ்க்ராட்ச் பில்டிங் என்றாலே எல்லாரும் புதிதாகச் சேர்ப்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் ஒரு மாடலைப் பார்த்தவுடன் "பொம்மை" என்று கண் முடிவு கட்டிவிடுவது, ஏதோ ஒரு குழாய் விட்டுப்போனதால் இல்லை. இருக்கிற பாகங்கள் தடியாக இருப்பதால்தான்.

கணக்குப் போட்டுப் பார். கிட்டில் வரும் சீட்டின் பக்கச்சுவர் 0.8 மி.மீ. என்று வை. 48ஆல் பெருக்கினால் 38 மி.மீ. ஒன்றரை அங்குலத் தடிமனில் யாரும் விமான சீட் செய்யமாட்டார்கள். விமானியின் தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடி, அதாவது கேனப்பி, 1 மி.மீ. என்றால், நிஜத்தில் கிட்டத்தட்ட 5 செ.மீ. கனம். அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக் ஓட வேண்டும், அதற்குக் கீழே கம்பெனிக்காரர்களால் போக முடியாது, அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் நிறுத்திய இடத்தில்தான் நம் கைவேலை தொடங்குகிறது. ஒரு வெர்னியர் காலிப்பரை மேஜையிலேயே வைத்துக்கொள். எதைச் செய்தாலும் ஒட்டுவதற்கு முன் அதன் தடிமனை 48ஆல் பெருக்கு. விடை நம்பும்படி இருந்தால் ஒட்டு, இல்லாவிட்டால் தூக்கிப் போடு.

எந்த விமானம், எந்த மாதம்?

வெறும் "ஸ்பிட்ஃபயர்" என்று எதையும் செய்ய முடியாது. மார்க் 1 என்று சொன்னாலும் போதாது. முதலில் வந்த 77 விமானங்களுக்கு இரண்டு அலகு கொண்ட மர ப்ரொப்பெல்லர், பிறகுதான் மூன்று அலகு. ஆரம்பத்தில் கேனப்பியின் தலைப்பக்கம் தட்டை, அப்புறம் உப்பலானது. முன்கண்ணாடிக்கு வெளியே கனமான கவசக் கண்ணாடி பின்னால் வந்து சேர்ந்தது. ரேடியோ மாறியதும் கம்பத்திலிருந்து வாலுக்குப் போகும் ஏரியல் கம்பியும் போய்விட்டது. ஆகவே முதலில் ஒரே ஒரு விமானத்தையும் ஒரு மாதத்தையும் முடிவு செய்.

என் யோசனை, 1940 ஆகஸ்ட் மாதத்து 234ஆம் ஸ்குவாட்ரன் விமானம். அந்த மாத நடுவிலிருந்து அவர்கள் இங்கிலாந்தின் மிடில் வாலப் தளத்தில் இருந்தார்கள். உடலில் ஏ, இசட் என்ற இரண்டு எழுத்துகள். அந்த ஸ்குவாட்ரனின் முழுப்பெயரே "மெட்ராஸ் பிரெசிடென்சி" ஸ்குவாட்ரன். போருக்கு மெட்ராஸ் மாகாணம் கொடுத்த நன்கொடைக்காக வைத்த பெயர். டிஃபையன்ட் போர் விமானம் ஓட்டிய 264ஆம் ஸ்குவாட்ரனுக்கும் இதே பெயர்தான். 234இல் பறந்த பாப் டோ பிற்பாடு நம் நாட்டுக்கு வந்து, இந்திய விமானப்படையின் 10ஆம் ஸ்குவாட்ரனை உருவாக்கி, பர்மா போர்முனையில் அதை வழிநடத்தினார். நம் மாகாணத்துச் சனங்களின் பணம் பெயராக நிற்கிற விமானத்தை நம் வீட்டு அலமாரியில் வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

படங்களுக்கு நல்ல மூலம், போர்க்காலத்தில் விமானிகளுக்கே கொடுத்த கையேடு. ஸ்பிட்ஃபயர் 1க்கு உரியது ஏ.பி. 1565ஏ. காக்பிட்டின் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் போட்ட படங்கள் அதில் உண்டு. லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தின் எக்ஸ்4590, அந்த ஆண்டிலேயே பறந்த நிஜ மார்க் 1. இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் இருக்கும் என்3200, 1940 மே மாதம் டன்கிர்க் சண்டையில் பிரெஞ்சுக் கடற்கரையில் இறங்கி, 1986இல் மணலிலிருந்து மீட்கப்பட்டு, 2014இல் மறுபடி பறந்தது. ஒன்றை மறக்காதே. இன்றைக்குப் பறக்கிற நிலையில் இருக்கும் பழைய விமானங்களில் இந்தக் காலத்து ரேடியோ, பெல்ட், மீட்டர் எல்லாம் புகுந்திருக்கும். அதை அப்படியே காப்பி அடித்தால் 1940 காக்பிட்டில் நம் காலத்துப் பெட்டி உட்கார்ந்துவிடும். டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் இருப்பது மார்க் 18. என்ஜினே வேறு. தகடு எப்படி வளைகிறது, மூடியின் விளிம்பு எவ்வளவு மெலிசு என்று நேரில் பார்க்க அது உதவும், காக்பிட்டுக்கு வேண்டாம்.

சாமான்கள்: அக்கம்பக்கத்துக் கடைகளே போதும்

இறக்குமதி ஷீட்டும் கம்பியும் கிடைத்தால் வாங்கு. கிடைக்கவில்லை என்று வேலையை நிறுத்தாதே. மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போ. அங்கே செம்புக் கம்பி கேஜ் எண்ணில் கிடைக்கும். 30ஆம் நம்பர் 0.31 மி.மீ., 36ஆம் நம்பர் 0.19 மி.மீ., 40ஆம் நம்பர் 0.12 மி.மீ. இதை நிஜ அளவுக்குக் கொண்டுபோனால் முறையே 15, 9, 6 மி.மீ. குழாய்கள். காக்பிட்டில் ஓடும் பெரும்பாலான குழாய்க்கும் ஒயருக்கும் இந்த மூன்று கம்பி போதும். மேலே இருக்கும் எனாமல் பூச்சில் பெயின்ட் சரியாக ஒட்டாது. 1000ஆம் நம்பர் உப்புத்தாளை மடித்து அதற்குள் கம்பியை வைத்து ஒரு தடவை உருவிவிடு.

மெடிக்கல் ஷாப்பில் 11ஆம் நம்பர் சர்ஜிக்கல் பிளேடு வாங்கு. கூடவே புதிய இன்ஜெக்‌ஷன் ஊசிகள். 18ஆம் கேஜ் ஊசியின் சாய்ந்த முனையைத் தேய்த்துச் சமமாக்கி, ஓரத்தைக் கூராக்கினால் 0.8 மி.மீ. வட்டம் வெட்டுகிற பஞ்ச் தயார். மெல்லிய ஃபாயிலை ரப்பர் மேல் வைத்து அழுத்து, சுவிட்ச் மூடி, சக்கரக் குமிழ், மீட்டர் வளையம் எல்லாம் அதிலிருந்தே கிடைக்கும். ஃபாயிலுக்கு மாத்திரை அட்டையின் பின்பக்கத் தகடு. பிளாஸ்டிக் ஷீட் இல்லையென்றால் டிஸ்போசபிள் கப், டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்டிருக்கிறதா பார். அது பாலிஸ்டைரின், மாடல் சிமென்ட் அதில் பிடிக்கும். 5 என்றிருந்தால் பாலிப்ரொப்பிலீன், எந்தப் பசையும் சரியாக நிற்காது.

கிட் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவைத் தூக்கிப் போடாதே. மெழுகுவர்த்திக்கு மேலே, தீ படாமல், உருட்டிக்கொண்டே சூடாக்கு. பளபளத்துத் தொய்ந்ததும் தீயிலிருந்து விலக்கி, ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்து, இரண்டு பக்கமும் இழு. வேகமாக இழுத்தால் முடியளவு மெலிசு, மெதுவாக இழுத்தால் கொஞ்சம் தடி. ஜன்னல் திறந்திருக்கட்டும், சிமென்ட் பாட்டில் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம்.

சீட்டும் பெல்ட்டும்: முழுப் பொறுமையையும் இங்கே செலவழி

காக்பிட்டைத் திறந்து வைத்த மாடலில் கண் முதலில் போய் விழுவது சீட்டின் மேல் விளிம்பில். கிட் சீட்டை வைத்துக்கொள்வதானால், உள்பக்கத்தைத் தொடாமல் வெளிப்பக்கத்திலிருந்து பிளேடின் முதுகால் விளிம்பைச் சுரண்டு. முழுக்க மெலிசாக்க வேண்டியதில்லை, விளிம்பு ஒரு மி.மீ. தூரத்துக்குச் சரிவாக இறங்கினால் போதும், கண் மீதியை நம்பிவிடும். புதிதாகச் செய்வதானால் 0.13 மி.மீ. ஷீட்டில் முதுகு, அடி, இரண்டு பக்கம் என்று நாலு துண்டு. முதுகை ஒரு பேனா மேல் வைத்து விரலால் நீவி வளைத்துக்கொண்டு ஒட்டு. சிமென்ட் மிகக் கொஞ்சம். அதிகமானால் இந்த ஷீட் கரைந்து சுருங்கிவிடும்.

நிறம் பற்றிக் கேட்பாய். ஆரம்ப கால சீட்டுகள் அலுமினியம், காக்பிட்டின் சாம்பல் பச்சையே அதற்கும் அடித்திருக்கும். பிறகு வந்தவை பிசினில் தோய்த்த காகித அடுக்குகளால் ஆனவை, செம்பழுப்பு நிறம். முதுகில் கறுப்பு மெத்தை.

இனி பெல்ட். அந்த நாளைய பிரிட்டிஷ் போர் விமானங்களில் இருந்தது சட்டன் ஹார்னஸ். நாலு பட்டை. இரண்டு தோளுக்கு, இரண்டு இடுப்புக்கு. வெளுத்த காக்கி நிறக் கான்வாஸ், அதில் வரிசையாகப் பித்தளை ஓட்டை வளையங்கள். நாலு பட்டையின் ஓட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு கூம்பு ஆணியில் மாட்டி, கிளிப் போட்டுப் பூட்டுவார்கள். தோள்பட்டைகள் சீட்டின் முதுகோடு முடிந்துவிடாது. தலைப்பக்கம் பின்னால் ஏறி, ஒரு கேபிளோடு சேர்ந்து வாலை நோக்கிப் போகும். அவற்றைச் சீட் முதுகிலேயே ஒட்டி முடித்துவிடுகிறவர்கள் அதிகம். அந்த ஒரு கேபிளை நீ போட்டால், விவரம் தெரிந்தவர்கள் உன் மாடலைக் கையிலெடுத்து இன்னொரு முறை பார்ப்பார்கள்.

பட்டை நிஜத்தில் 5 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் மாடலில் 1 மி.மீ. மாத்திரை ஃபாயிலை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, கண்ணாடி மேல் வைத்து, புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டு. இரண்டாவது இழுப்பு போட்டால் ஓரம் சுருளும். பெயின்ட் அடிப்பதை வெட்டுவதற்கு முன்பே முடித்துவிடு. வெட்டிய பிறகு அடித்தால் ஓரங்களில் பெயின்ட் கட்டி, மெலிசாக்கியதெல்லாம் வீண். ஓட்டை வளையத்துக்கு ஊசி முனையில் பித்தளை நிறப் பெயின்ட்டைத் தொட்டு ஒரு புள்ளி, அது காய்ந்ததும் நடுவில் இன்னும் சின்னக் கறுப்புப் புள்ளி. பக்கிளுக்கு 40ஆம் நம்பர் கம்பி. ஒரு தட்டையான பிளாஸ்டிக் பட்டையில் ஸ்பிரிங் மாதிரி சுற்றி, ஒரு பக்கம் நீளவாக்கில் வெட்டினால் ஒரே அளவில் செவ்வக வளையங்கள் உதிரும்.

பட்டையை சீட்டில் வைப்பதில்தான் உயிர் இருக்கிறது. நிஜத் துணி கனத்தால் தொங்கும், மடிப்பில் உடையும், விளிம்பில் படியும். ஃபாயில் தானாக அப்படி நிற்காது. முதலில் ஒரு நுனியை மட்டும் ஒட்டிக் காயவிடு. பிறகு பல்குச்சி முனையால் சீட் விளிம்போடு அழுத்தி, அடியில் வந்து சேரும் இடத்தில் ஒரு சின்ன வளைவு கொடு. இரண்டு தோள்பட்டையும் ஒரே மாதிரி, ஜோடி போட்டாற்போல் விழக் கூடாது. ஒன்று கொஞ்சம் முறுக்கி இருக்கட்டும். கடைசியில் கறும்பழுப்பு ஆயில் பெயின்ட்டைத் தின்னரில் தண்ணீர்போல் கரைத்து, மடிப்பில் மட்டும் ஒரு சொட்டு.

மீட்டர் பலகை

கறுப்புப் பலகையின் நடுவில் ஆறு மீட்டர்கள் மட்டும் தனித் தகட்டில் இருக்கும். ரப்பர் தாங்கிகள் மேல் உட்கார்ந்த தகடு அது. மேல்வரிசையில் வேகம், செயற்கைத் தொடுவானம், ஏறுமுக வேகம். கீழ்வரிசையில் உயரம், திசை, திரும்பல் காட்டி. இந்த ஆறின் ஒழுங்கு அந்த நாளில் பிரிட்டிஷ் விமானப்படை முழுவதற்கும் பொது. அந்தத் தகட்டைத் தனியாகச் செய்து முன்னால் ஒட்டினாலே பலகைக்கு ஆழம் வந்துவிடும்.

மீட்டர் ஒன்றின் விட்டம் சுமார் 80 மி.மீ., மாடலில் 1.7 மி.மீ. 0.13 மி.மீ. ஷீட்டில் பின் வைஸால் துளை போடு, முதலில் சின்ன டிரில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிது. பின்னால் வைக்க ஓ.எச்.பி. ஃபிலிம் துண்டு ஒன்றில் வெள்ளை அடித்து, காய்ந்ததும் மேலே கறுப்பு அடி. கூரான ஊசியால் கறுப்பை மட்டும் கீறினால் வெள்ளை முள்ளும் கோடுகளும் எழும். எண்கள் எழுத முயலாதே. அந்த அளவில் எண்ணைக் கண் தேடாது, கோடுகளின் ஒழுங்கைத்தான் தேடும். லேசர் பிரின்ட் எடுப்பதானால் மீட்டர் முகத்தை அளவுக்குச் சுருக்கி அடித்துப் பின்பக்கம் வெள்ளை பூசு. எந்த வழியில் செய்தாலும், ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு தண்ணீர் கலந்த ஃபெவிகால் விடு. காய்ந்ததும் கண்ணாடிபோல் தெளிந்து நிற்கும்.

காக்பிட்டின் மற்ற இடங்களில் இவ்வளவு நேரம் செலவழிக்க வேண்டாம். ஸ்பிட்ஃபயருக்குத் தரை கிடையாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். குதிகால் வைக்க இரண்டு தகட்டுத் தொட்டி, அதற்குக் கீழே உடலின் அடித்தகடு. அந்தப் பள்ளத்தைத் தட்டை ஷீட் போட்டு மூடிவிடாதே. கன்ட்ரோல் தடியின் வளையப் பிடியை 30ஆம் நம்பர் கம்பியை டிரில் தண்டில் சுற்றி வெட்டிச் செய். வளையத்தில் சுடும் பொத்தானுக்கு இடது பக்கம் ஒரு துளி பித்தளை நிறம். காக்பிட் குறுகல் என்பதால் தடி முழுவதும் பக்கவாட்டில் சாயாது, மேல்பாதி மட்டும் திரும்பும். அந்த மூட்டுக்கு ஒரு ஃபாயில் வட்டம் போதும். சுவரில் ஃபிரேம்களுக்கு 0.25 மி.மீ. பட்டைகள், அவற்றின் மேல் மூன்று நான்கு குழாய்கள். உடலின் இரண்டு பாதியையும் கிளிப் போட்டுச் சேர்த்து, கேனப்பித் திறப்பு வழியே டார்ச் அடித்துப் பார். தெரியாத இடத்துக்கு எதுவும் செய்யாதே. அந்த நேரத்தை பெல்ட்டுக்குக் கொடு.

வெளிப்பக்கம்

இறக்கையின் பின்விளிம்பைத்தான் முதலில் கவனி. இரண்டு பாதியையும் ஒட்டுமுன் உள்பக்கத்தைச் சமதளத்தில் வைத்த உப்புத்தாளில் தேய். வெளிப்பக்கத்துக் கோடுகள் அழியாமல் விளிம்பு கத்திபோல் வரும். மெர்லின் என்ஜினுக்குப் பக்கத்துக்கு மூன்று புகைபோக்கி, வாய் அடைபட்டிருந்தால் துளையிட்டு உள்ளே கறுப்பு. வலது இறக்கைக்கு அடியில் ரேடியேட்டர், இடதில் சின்ன ஆயில் கூலர். இரண்டின் முகத்துக்கும் மெல்லிய நைலான் வலை.

துப்பாக்கித் துளைகளை மூடிய சிவப்புத் துணி ஒட்டுகளைப் பலர் டேப்பில் வெட்டி ஒட்டுகிறார்கள். பெருக்கிப் பார், ஒரு துணியின் தடிமன் 1/48இல் ஒன்றுமே இல்லை. அங்கே சேர்க்க வேண்டியது பெயின்ட் மட்டும். முன்விளிம்பில் எட்டு இடத்தில், ஓரம் சற்றே கோணலாக.

ரிவெட் விஷயத்தில் என் பேச்சைக் கேள். பல் சக்கரம் ஓட்டி உடல் முழுக்க ரிவெட் புள்ளி குத்துவது இப்போது பழக்கமாகிவிட்டது. ஸ்பிட்ஃபயரைத் தயாரித்த சூப்பர்மரைன்காரர்கள் ரிவெட்டை எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? தட்டைத் தலை ரிவெட் அடித்த விமானத்தில், ஒவ்வொரு ரிவெட் மேலும் உடைத்த பட்டாணியைப் பசை போட்டு ஒட்டிப் பறக்கவிட்டார்கள். மொட்டுத் தலை ரிவெட் போட்டால் எவ்வளவு வேகம் குறையும் என்று பார்க்கத்தான் இந்த வேலை. மணிக்கு 22 மைல் வரை குறைந்தது. பிறகு ஒவ்வொரு பகுதியாகப் பட்டாணியைச் சுரண்டிச் சுரண்டிப் பறந்து பார்த்து, எங்கே மொட்டுத் தலை இருந்தால் பரவாயில்லை, எங்கே கூடவே கூடாது என்று பிரித்தார்கள். இறக்கை வழவழப்பாக இருக்க வேண்டும் என்று அவர்கள் அத்தனை பாடுபட்டதை நாம் ஊசியால் குத்திக் கெடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இறக்கையை விட்டுவிடு. மொட்டுத் தலை இருந்த உடலின் பின்பகுதியில் மட்டும், பென்சில் கோட்டோடு, ஊசி முனையில் தொட்ட ஃபெவிகால் புள்ளிகள். நிஜத்தில் 5 மி.மீ. தலை என்றால் மாடலில் 0.1 மி.மீ., விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது.

கேனப்பி

இவ்வளவும் செய்துவிட்டு தடித்த கேனப்பியைக் கவிழ்த்தால் எதுவும் தெரியாது. நகரும் நடுப்பகுதியை மட்டுமாவது புதிதாகச் செய். கிட் கேனப்பியின் உள்ளே தேங்காயெண்ணெய் தடவி, எம்-சீல் பிசைந்து நிரப்பி, ஒரு குச்சியைச் செருகிக் காயவிடு. வெளியே வருவது உள்பக்க வடிவம் என்பதால் புது ஷீட்டின் தடிமனுக்கு அளவு சரியாக இடம் விட்டிருக்கும். அதை வழவழவென்று தேய். பொம்மை, சட்டைப் பெட்டிகளில் வரும் தெளிவான ஷீட்டை, நடுவில் துளை வெட்டிய அட்டையில் ஸ்டேப்ளர் அடித்து, அடுப்புச் சூட்டுக்கு மேலே காட்டு. தொய்ந்ததும் அச்சின் மேல் நேராக அழுத்து. முதல் ஷீட்டிலேயே வந்துவிடாது, பத்துத் துண்டு வெட்டி வைத்துக்கொண்டு உட்கார். ஒட்டுவதற்கு ஃபெவிகால்தான். சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடியை வெளுக்கச் செய்துவிடும், மாடல் சிமென்ட் இந்த ஷீட்டில் பிடிக்காது.

முன்கண்ணாடிக்கு மேலே பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி, வேகம் அளக்கும் பிட்டோ குழாய், ஏரியல் இவை எல்லாமே கடைசி நாள் வேலை. முன்னாலேயே ஒட்டினால் டெக்கல் போடும்போது கை பட்டு உடையும். பிட்டோவுக்கு மெல்லிய இன்ஜெக்‌ஷன் ஊசி. ஏரியல் கம்பி நீ தேர்ந்தெடுத்த விமானத்தின் போட்டோவில் இருந்தால் மட்டும், இழுத்த ஸ்ப்ரூவைக் கம்பத்தில் ஒட்டி, முழுக்கக் காய்ந்த பிறகு சுக்கானின் உச்சியில் ஒட்டு. கொஞ்சம் தொய்வாக இருந்தாலும் பரவாயில்லை. ஊதுபத்தியைக் கொளுத்தி, அதன் கனலை இழைக்கு அரை அங்குலம் கீழே பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்து. இழை தானே விறைக்கும். ஒரே இடத்தில் நிறுத்தினால் அறுந்துவிடும், அதனால் இரண்டாவது இழையைத் தயாராக இழுத்து வைத்துக்கொண்டே தொடங்கு.